நூற்று நாலு

இன்னும் வெடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓடுபாதையின் அந்தக் கோடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒருவர் குனிந்து பற்றவைப்பதும், காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதும் இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது, சத்தம் மட்டும் இஞ்சின் இரைச்சலைத் தாண்டி வரவில்லை. எல்லாம் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இவள் உத்தரவு. கருவாட்டுக் களத்துக்கு மேலே நாலைந்து பருந்து சுற்றுகிறது, விரட்டிவிட்டுச் சொல்லட்டும், அதுவரை நிற்கிறோம் என்று டவரிடம் என்னைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். வாய் என்னுடையது, உத்தரவு இவளுடையது. பருந்து என்றைக்குச் சுற்றவில்லை? கருவாடு காய்கிறவரை பருந்து சுற்றத்தான் செய்யும். வெளியே நாற்பத்தோரு டிகிரி, பின்னால் அறுபத்தெட்டுப் பேர் கையில் கிடைத்த அட்டையால் விசிறிக்கொண்டிருப்பார்கள், ஏற்கெனவே இருபது நிமிஷம் தாமதம். நானாக இருந்தால் இந்நேரம் மேலே ஏறியிருப்பேன். நானாக இருந்தால். அந்த ‘இருந்தால்’ என்ற ஒரு சொல்லிலேயே என் பதினோரு வருஷமும் போய்விட்டது. பதினோரு வருஷமாக வலது நாற்காலி, துணை விமானி. இவள் நாலு வருஷமாக இடது நாற்காலி. நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். தோளில் எனக்கு மூன்று பட்டை, கேப்டன் தேனம்மைக்கு நாலு. ஒரே பேட்ச் நாங்கள். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளி, ஒரே ஹாஸ்டல் மெஸ், ஒரே வேகாத ரொட்டி. நான் இஞ்சினியரிங் முடித்து, வேலை பார்த்து, அது பிடிக்காமல் வந்தவன். இவள் பிளஸ் டூ முடித்த கையோடு காரைக்குடியிலிருந்து வந்தவள், ஆறு வயது சின்னவள். அந்தப் பள்ளியிலேயே தமிழ் பேச நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் முதல் நாளே “ரூபண்ணா, இதுக்குப் பேரு சாம்பாரா?” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு எழுந்து வேறு மேஜைக்குப் போயிருக்கவேண்டும்.

அண்ணா என்பதும் கதவு மூடுகிறவரைதான். விமானி அறைக்கதவு மூடிவிட்டால் அண்ணா கிடையாது, அது இவளே போட்டுக்கொண்ட சட்டம். “அண்ணான்னு கூப்பிட்டுட்டா அப்புறம் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது” என்று காரணமும் சொன்னாள். சரியான காரணம். இவள் சொல்வதெல்லாம் சரியாகவே இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் சங்கதி வேறு மாதிரி, இவள் கேப்டன் ஆன மறுநாள் எனக்கே தெரியாமல் வாயில் ‘நீங்க’ வந்துவிட்டது. பத்து வருஷமாக நீ, வா, போ என்றிருந்த வாய். இவள் சிரித்துக்கொண்டு, “என்ன ரூபண்ணா, திடீர்னு மரியாதை பொங்குது?” என்றாள். நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து, யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும் என்று ஆறுதல் சொன்னாள். இதில் நான் பூனை என்பதை யோசித்துத்தான் சொன்னாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. கட்டினவள் சொன்னதைக்கூட விட்டுவிடலாம், பெற்றது செய்ததைத்தான் விடமுடியவில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்தில் ‘நான் வியக்கும் பெண்மணி’ என்று சார்ட் போடச் சொன்னார்களாம். என் மகள் இவா ஒரு விமானத்தின் முன்பக்கம் வரைந்திருந்தாள். இடது கண்ணாடிக்குப் பின்னால் தேனு அத்தை, நாலு பட்டை, கொண்டை, சிரிப்பு, எல்லாம் இருந்தது. வலது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு உருண்டை. கண் இல்லை, மூக்கு இல்லை. இது யாரும்மா என்றேன். “கூட இருக்கிறவங்கப்பா” என்றாள், வண்ணப் பென்சிலைச் சீவிக்கொண்டே. பத்து வயதுப் பிள்ளையிடம் என்ன சண்டை போடுவது? நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டவர் கூப்பிடுகிறது. பருந்து கலைந்துவிட்டதாம், கிளம்பலாமாம். நான் பதில் சொல்கிறேன், இன்றைக்கு ஓட்டுவது இவள், பேசுவதும் எண்களைப் பார்த்துச் சொல்வதும் நான். என் பக்கத்து வேலை மொத்தமும் வாய்தான். “ரெடி?” என்கிறாள். “ரெடி.” இடது கை ஸ்டியரிங்கில், வலது கை எங்கள் இருவருக்கும் நடுவே உள்ள பவர் லீவர்கள் மேல். அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே. நான் ஓட்டும் நாட்களிலும் கிளம்பும்போது அந்த லீவர் எனக்குக் கிடையாது. முழு பவரும் கொடுத்ததும் நான் கையை எடுத்துவிடவேண்டும், கேப்டன் கை அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓடுபாதையில் விமானத்தை நிறுத்துவதா போவதா என்று முடிவு செய்கிற உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். பதினோரு வருஷத்தில் எத்தனை கை பார்த்துவிட்டேன். கல் மோதிரம் போட்ட கை, சிகரெட் மஞ்சள் ஏறிய கை, மயிர் அடர்ந்த கை, எல்லாக் கையும் வந்து என் கையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தன, ஒன்றும் தோன்றவில்லை. இந்தக் கை வந்து உட்கார்ந்தால் மட்டும் கண்ணை எடுக்கமுடிவதில்லை. மணிக்கட்டுக்கு மேலே அந்தத் தழும்பு, அரை அங்குலம், கொஞ்சம் பளபளப்பாக. இஸ்திரிப் பெட்டி சுட்டது. முதன்முதலாகத் தனியாகப் பறக்க இவள் பெயரைப் போட்டிருந்த காலை அது, பேட்ச்சிலேயே முதல் ஆள், பதினான்கே மணி நேரத்தில். எனக்கு இருபத்திரண்டு மணி நேரம் ஆயிற்று. அவசரத்தில் சட்டைக்குப் பதில் கையைத் தேய்த்துக்கொண்டுவிட்டாள். பேஸ்ட் தடவிவிட்டது நான்தான். “கை வெந்திருக்கு, இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் போ” என்று சொன்னதும் நான்தான். அக்கறையாகத்தான் சொன்னேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைய பட்டியலில் இவளுக்கு அடுத்ததாக என் பெயர் இருந்தது, இவள் போகாவிட்டால் நான் முதல் ஆள். இவள் கையில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள், இறங்கி வரும்போது இரண்டு மைலுக்குத் தெரிகிற மாதிரி சிரித்துக்கொண்டு வந்தாள், பக்கத்தில் வந்ததும் பேஸ்ட் வாசம் அடித்தது.

வியாழக்கிழமை. இன்று திங்கள். வியாழக்கிழமை எனக்கு மூன்றாவது முறையாகக் கேப்டன் தேர்வு, மூன்றாவதுதான் கடைசி, அதற்குமேல் வாய்ப்பு கிடையாது, ஓய்வு பெறுகிறவரை வலது நாற்காலிதான். இரண்டு முறையும் நான் விழுந்தது ஒரே குழியில். எந்த விமானமானாலும் கிளம்பும்போது ஒரு வேகம் உண்டு, வீ ஒன் என்போம், அன்றன்றைக்கு எடையையும் வெயிலையும் பாதையின் நீளத்தையும் வைத்துக் கணக்குப் போடுவது. அதற்கு முன்னால் எது நடந்தாலும் நிறுத்திவிடலாம், நிற்கப் பாதை இருக்கும். அதைத் தொட்டபிறகு ஒரு இஞ்சினே போனாலும் நிறுத்தக் கூடாது, மற்றதை வைத்துக்கொண்டு மேலே போய்விடவேண்டும், ஏனென்றால் ஓடுபாதை முடிந்துபோகும். பக்கத்தில் இருப்பவர் வீ ஒன் என்று சொன்ன அந்த நொடியே கேப்டன் லீவரிலிருந்து கையை எடுத்துவிடவேண்டும். கை அங்கே இருந்தால் பயத்தில் இழுத்துவிடும், அதற்காகத்தான் அந்த வழக்கம். சிமுலேட்டரில் பக்கத்தில் இருந்தவர் ஒழுங்காகச் சொன்னார். நானும் கேட்டேன். கை அங்கேயே இருந்தது, ஏதோ அதற்குத் தனியாக ஒரு மூளை இருப்பதுபோல. பிறகு டமார் என்றது, இழுத்துவிட்டேன். திரையில் ஓடுபாதை முடிந்து புல் வந்து எல்லாம் சிவப்பாகிவிட்டது. இரண்டு முறையும். தேர்வாளர் பேனாவை மூடிக்கொண்டே, உங்கள் தலை தேறிவிட்டது, கைதான் தேறவில்லை என்றார். மூன்றாவது வாய்ப்பே வந்திருக்காது, இவள் கடிதம் எழுதியிருக்காவிட்டால். ‘இவரோடு நாற்பது முறைக்கு மேல் பறந்திருக்கிறேன், இவர் சொல்லை முழுக்க நம்பலாம்.’ அலுவலகத்தில் அதை எனக்குக் காட்டினார்கள். நான் இவளுக்கு நன்றி சொன்னேன். இவள் போட்ட சோற்றை நான் தின்னவேண்டியிருக்கிறதே என்றுதான் அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடத் தொடங்கிவிட்டது. முதுகை நாற்காலி பிடித்துத் தள்ளுகிறது. இன்றைய கணக்கு நூற்று நாலு வீ ஒன், நூற்றுப் பத்தில் ரொட்டேட், அதாவது மூக்கைத் தூக்கவேண்டும், குட்டைப் பாதை, அந்தக் கோடியில் ஒரு சுற்றுச்சுவர், அதற்கப்பால் பைபாஸ் ரோடு, அதற்கப்பால் உப்பளம். “செவன்டி நாட்ஸ்” என்கிறேன். “செக்ட்” என்கிறாள், கேட்டேன், சரி என்பதற்கு அடையாளம். குரலில் ஒரு நடுக்கமும் கிடையாது. எண்பது. வெள்ளைக் கோடுகள் காலுக்கடியில் வந்து விழுகின்றன. இவளுக்கு ஒரு தடவைகூடத் தடுக்காதா? எல்லோருக்கும் எங்காவது ஒரு இடத்தில் தடுக்குமே, எனக்கு மட்டும்தானா, கடவுளே, எனக்கு மட்டும்தானா. தொண்ணூறு. கை அங்கே இருக்கிறது, நகம் ஒட்ட வெட்டிய கை, தழும்பு வெயிலில் மின்னுகிறது, லீவரை இறுக்கிப் பிடிக்கவில்லை, தூங்குகிற பிள்ளை மேல் வைத்த மாதிரி வைத்திருக்கிறாள். தொண்ணூற்றெட்டு. நான் சொன்னால்தான் அந்தக் கை எழும். நான் சொல்லாவிட்டால்? இந்த விமானத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே அதிகாரம் அது. நூற்று இரண்டு. வெறுமனே ஒருமுறை, யாரும் சொல்லாமல் அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் என்ன. அது அங்கேயே இருக்கட்டும், என் கை இருந்ததுபோல. விபத்தை நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை, அறுபத்தெட்டுப் பேரை நினைக்கவில்லை, என்னைக்கூட நினைக்கவில்லை, அந்தக் கை ஒரு நொடி தப்பாக இருக்கட்டும் என்று மட்டும் நினைத்தேன். நூற்று நாலு. தெரிகிறது, பச்சை எண், தெளிவாகத் தெரிகிறது. கீழுதடு மேல்பல்லைத் தொட்டுவிட்டது, வீ என்று காற்றை விடவேண்டியதுதான். விடவில்லை. கை எழுந்தது. நான் சொல்லவில்லை, கை எழுந்தது. எழுந்து ஸ்டியரிங்கின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டது, ஒன்றுமே நடக்காதது மாதிரி. அந்தக் கணத்தில் வலது ஓரத்தில் பழுப்பாக ஏதோ வந்தது, டமார். என் பக்கத்து இஞ்சின். தரை அதிர்கிறது, பல் அதிர்கிறது. எனக்குத் தெரியாமலே என் இடது கை தொடையிலிருந்து எழுந்து காலியாகக் கிடந்த லீவர்களுக்கு நேரே பாதி தூரம் போய்விட்டது. இவள் கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ரொட்டேட்” என்று யாரோ கத்துகிறார்கள், நான்தான். மூக்கு எழுந்தது, சுவர் அடியில் போயிற்று, ஒரு ஷேர் ஆட்டோவின் மஞ்சள் கூரை போயிற்று, பிறகு உப்பளத்தின் பாத்திகள், வெள்ளை, வெள்ளை, கண் கூசுகிற வெள்ளை.

“பாசிட்டிவ் ரேட்” என்கிறேன், ஏறுகிறோம் என்று அர்த்தம். “கியர் அப்” என்கிறாள். சக்கரத்தை மடக்குகிற பிடியைத் தூக்குகிறேன். வலது இஞ்சின் நடுங்குகிறது, சூடு முள் ஏறிவிட்டு ஒரு இடத்தில் நின்று யோசிக்கிறது. ஏதாவது செய்யவேண்டும், உடனே, நான் செய்யவேண்டும், செய்து இப்போது நடந்ததை மூடிவிடவேண்டும், என் கை மறுபடி அந்த லீவர் பக்கம் போகிறது. “நானூறு” என்கிறாள். அவ்வளவுதான். கிளம்புமுன் இவளே சொன்னது, நானூறு அடி வருகிறவரை எது நடந்தாலும் யாரும் எதையும் தொடவேண்டாம், விமானம் பறக்கட்டும், அது போதும். அவசரத்தில் நல்ல இஞ்சினை அணைத்தவர்கள் கதையெல்லாம் வகுப்பில் எனக்கும்தான் சொன்னார்கள், நானும்தான் எழுதிக்கொண்டேன், முத்து முத்தாக. கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறேன். இருநூறு. இருநூற்றைம்பது. குளிர்காற்றுத் துவாரம் வழியாகக் கருகின இறகு வாசம் வருகிறது, இறகும் கொழுப்பும் சேர்ந்து கருகின வாசம், தொண்டையில் ஒட்டுகிறது. வெடிக்கும் பயப்படாத ஒரு பருந்து. வெடி போட்டிருக்காவிட்டால் நாலைந்து வந்திருக்கும், இரண்டு இஞ்சினுக்கும் வந்திருக்கும். நானாக இருந்தால் போயிருப்பேன். முன்னூறு. நான் நினைத்தபடி அந்தக் கை அங்கேயே இருந்திருந்தால், டமார் என்றதும் இழுத்திருக்கும், எந்தக் கையாக இருந்தாலும் இழுத்திருக்கும், பாதை போதாது, சுவர், அந்த ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் பின்பக்கம் ஒரு பச்சைச் சேலை தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேனா, இப்போது சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. நானூறு. “இப்ப பாருங்க” என்கிறாள், “வலது இஞ்சின், படிச்சுச் சொல்லுங்க, நிதானமா.” படிக்கிறேன். சூடு முப்பது டிகிரி கூட, ஆனால் நிற்கிறது, பவர் இருக்கிறது, எண்ணெய் சரி. “அப்ப அணைக்க வேண்டாம். ஓடுறவரைக்கும் ஓடட்டும். சுத்திட்டு வந்து இறங்கிடலாம்.” டவருக்குச் சொல்கிறேன், பின்னால் பணிப்பெண்ணிடம் சொல்கிறேன், என் வாய் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறது. சொல்லவேண்டிய ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஆயிரத்து ஐநூறு அடியில் சமமாகப் பறக்கிறோம். இடது பக்கம் கடல், ஒரு அலைகூட இல்லாமல் கிடக்கிறது. இவள் நேராகப் பார்த்துக்கொண்டே, “வீ ஒன் எனக்குக் கேக்கலை” என்கிறாள். நான் எண்ணெய் முள்ளைப் பார்க்கிறேன். “அந்தச் சத்தத்துல காதுல விழலை போல, ரூபண்ணா.” அண்ணா. கதவு மூடியபிறகு அண்ணா. நாலு வருஷத்தில் முதல் தடவை. சத்தம் பிறகுதான் வந்தது, அது எனக்குத் தெரியும், இவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், கணக்கில் அரை நொடிகூடத் தப்பாதவள். நான் பிடித்து ஏறிக்கொள்ளக் கயிறு போடுகிறாள். தலையை ஆட்டினால் போதும். குரல் பதிவுப் பெட்டி என்று ஒன்று பின்னால் வாலில் இருக்கிறது, பருந்து மோதினதற்காக அதைப் பிரித்தாலும் பிரிப்பார்கள், பிரிக்காமலும் விடுவார்கள், இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதிக்கொடுத்தால் யார் தோண்டப்போகிறார்கள். வியாழக்கிழமை போய், அங்கே கையை ஒழுங்காக எடுத்து, நாலாவது பட்டையை வாங்கி, இவாவிடம் அந்த உருண்டைக்குக் கண் மூக்கு வரையச் சொல்லலாம். தலை ஆடத்தான் பார்த்தது. கருகின வாசம் இன்னும் போகவில்லை.

“சத்தம் அப்புறம்தான் வந்துச்சு” என்றேன். “நான் சொல்லலை.”

“மறந்துட்டீங்களா?” இன்னொரு கயிறு. மறதிக்கு மன்னிப்பு உண்டு, இரண்டு நாள் வகுப்பு, ஒரு கையெழுத்து.

“மறக்கலை. நூத்தி நாலு வந்ததைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொல்லலை.”

“ஏன்?”

“வயித்தெரிச்சல்.” வேறு நல்ல சொல்லாகத் தேடினேன், கிடைக்கவில்லை. அந்தப் பெட்டியிலும் இப்போது அதுதான் இருக்கும்.

இவள் திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை, விமானத்தைத்தான் பார்த்தாள். கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. “நான் சொல்லாமலே நீ எப்படி கையை எடுத்தே?” என்று கேட்டேன், கேட்டபிறகுதான் நீ என்று வந்துவிட்டது தெரிந்தது. “நானும் பாத்து மனசுக்குள்ள சொல்லிக்குவேன்” என்றாள். “எப்பவும். பக்கத்துல யாரு இருந்தாலும்.” யார் இருந்தாலும். என்மேல் சந்தேகப்பட்டு இவள் எண்ணைப் பார்த்திருந்தால்கூட எனக்கு ஒரு கௌரவம் இருந்திருக்கும். சந்தேகம்கூட இல்லை. இத்தனை வருஷம் இவளைப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தபோது இவளுக்கு வலது பக்கத்தில் ஒரு உருண்டை இருந்திருக்கிறது, கண் மூக்கு இல்லாமல், யார் வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். என் பிள்ளை சரியாகத்தான் வரைந்திருக்கிறாள்.

“கீழ போய் இதை நீங்களே எழுதிக் குடுங்க” என்றாள். “நான் எழுதினா அது புகாராயிடும்.” எழுதுகிறேன் என்றேன். வியாழக்கிழமை இனி வெறும் வியாழக்கிழமைதான், அதற்கடுத்த எல்லா வியாழக்கிழமையும்தான். “நீங்க என்னைப் பத்தி எழுதின கடுதாசி...” என்று ஆரம்பித்தேன். “அதை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றாள், கோபமே இல்லாமல், குடையை எடுத்துக்கொள்கிறேன் என்பதுபோல. பிறகு விமானத்தை மெல்லத் திருப்பினாள். கண்ணாடிக்கு நேரே ஓடுபாதை வந்து நின்றது, அந்தக் கோடியில் ஜீப், பக்கத்தில் வெடிக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு. “இறங்கும்போது ஆயிரம், ஐநூறு, எல்லாத்தையும் சத்தமா சொல்லுங்க. காத்திட்டிருப்பேன்.” சற்றுமுன் தன்னைக் கொல்லப் பார்த்த வாயை நம்பி உட்கார என்னால் ஆகாது, நான் அப்படிப்பட்டவன் இல்லை, இவளுக்கு அது ஆகிறது, அதற்கும் சேர்த்து வயிறு எரிகிறது. வலது கை மறுபடி லீவர் மேல் வந்து உட்கார்ந்தது. உயர முள் இறங்குகிறது. ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து நூறு.

“ஆயிரம்” என்றேன்.

“செக்ட்” என்றாள், நான் சொல்லி முடித்தபிறகு.